ஓடிக்கொண்டிருக்கும் அனிமே தொடரைப் பற்றி எப்போது, எதை வைத்துக் கருத்துச் சொல்வது?

இந்தப் பருவத்தில் நான்கு தொடர்களை வாரந்தோறும் பார்த்துவரும் ஒருவர் கேட்டிருக்கிறார்: மூன்று எபிசோடுகளைப் பார்த்தால் ஒரு தொடரை எடைபோட்டுவிடலாம் என்று ரசிகர்கள் சொல்வது சரிதானா? ஒரே எபிசோடை ஒருவர் அற்புதம் என்கிறார், இன்னொருவர் ஸ்டுடியோ சொதப்பிவிட்டது என்கிறார். இதில் யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் தொடரைப் பொறுத்தவரை கருத்துக்கு உரிய அளவு ஒரு எபிசோட்தான். தொடர் முழுவதற்கும் தீர்ப்பு எழுத மூன்று வாரம் போதாது. பார்த்து முடித்த எபிசோடைப் பற்றித் துல்லியமாகப் பேசுவதற்கோ அன்றிரவே போதும். அந்தத் துல்லியம் வாய்க்க வேண்டுமானால், திரையில் கண்டவற்றுள் எது யாருடைய கைவேலை, அந்த வேலைக்கு எவ்வளவு காலம் கிடைத்தது என்பது ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். அனிமே ரசிகர்களுக்குள் நடக்கும் சண்டைகளில் பாதி, இந்த விவரம் தெரியாததால் வருவது என்பது பல ஆண்டுகளாக வாரந்தோறும் பார்த்துவரும் என்னுடைய உறுதியான எண்ணம்.

முதலில் அந்த மூன்று எபிசோட் விதியை எடுத்துக்கொள்வோம். இதைப் பேசும்போது பலரும் எடுத்துக்காட்டுவது, 2011 ஜனவரியில் தொடங்கிய ‘புவெல்லா மாகி மடோக்கா மாகிகா’. ஷாஃப்ட் ஸ்டுடியோவின் தயாரிப்பு. இயக்கம் அகியுகி ஷின்போ. கதை கென் உரோபுச்சி. முதல் இரண்டு வாரமும் மந்திரச் சிறுமிகளின் கதையாக, இளஞ்சிவப்பும் இனிப்புமாகப் போகும் அந்தத் தொடர், மூன்றாவது எபிசோடின் கடைசி நிமிடங்களில் தன் உண்மையான முகத்தைக் காட்டும். என்ன நடக்கிறது என்பதை, இன்னும் பார்க்காதவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால், நான் எழுதப்போவதில்லை. அதை முதல்முறை பார்த்தவர்களுக்கு மூன்றாவது எபிசோட் வரை பொறுத்திருக்க வேண்டும் என்ற பாடம் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. ஆனால் அந்தப் பாடம் அந்தக் கதையின் அமைப்பிலிருந்து பிறந்தது. பன்னிரண்டு எபிசோடுகளில் முடியும்படி திட்டமிட்டு, மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதை எதையும் தழுவாமல் நேரடியாகத் தொலைக்காட்சிக்கென எழுதப்பட்ட கதை அது. தன் முதல் திருப்பத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதை எழுத்தாளரே முடிவுசெய்ய முடிந்தது. ஒரு மங்காவைத் தழுவி எடுக்கப்படும் தொடரில் அப்படி இல்லை. ஒரு எபிசோடுக்கு இரண்டு அல்லது மூன்று அத்தியாயங்கள் என்ற வேகத்தில் போனால், மூன்றாவது வார முடிவில் பெரும்பாலும் மங்காவின் முதல் தொகுதியைத்தான் தொட்டிருப்போம். ஆண்டுக்கணக்கில் நீளப்போவதாக எழுதப்பட்ட கதையின் முதல் தொகுதி, கதைமாந்தர்களை அறிமுகப்படுத்துவதிலேயே தீர்ந்துவிடும்.

இந்த விதியில் இன்னொரு கோளாறும் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. முதல் மூன்று எபிசோடுகள்தாம் ஒரு தொடரில் அதிக அவகாசத்தோடு செய்யப்பட்டவை. ஜப்பானியத் தொலைக்காட்சி ஆண்டை நான்கு பருவங்களாகப் பிரிக்கிறது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் புதிய தொடர்கள் தொடங்குகின்றன. கூர் எனப்படும் ஒரு பருவத்துக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று எபிசோடுகள். ஒளிபரப்புத் தொடங்கும் நாளில் எல்லா எபிசோடுகளும் தயாராக இருக்கும் தொடர்கள் சில உண்டு. ஆனால் பல தொடர்கள் பாதிப் பருவத்தைத் தாண்டும்போது வாரத்துக்கு வாரம் முடித்துக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிடுகின்றன. எனவே முதல் மூன்றைப் பார்த்து வரைகலையை மதிப்பிடுவது, கடைக்காரர் மேலே அடுக்கி வைத்த பழங்களைப் பார்த்துக் கூடை முழுவதையும் மதிப்பிடுவது போலாகும்.

‘வண்டர் எக் பிரயாரிட்டி’ இதற்குத் தெளிவான சான்று. 2021 ஜனவரியில் குளோவர்வொர்க்ஸ் ஸ்டுடியோ தொடங்கிய இந்தத் தொடரின் முதல் வாரங்களைப் பார்த்தவர்கள் திரைப்படத்துக்கு நிகரான அசைவும் ஒளியும் கண்டு வியந்தார்கள், நானும் வியந்தேன். அந்தத் தரத்தை வாரந்தோறும் தாங்குவதற்குக் கால அட்டவணை இடம்கொடுக்கவில்லை. எட்டாவது வாரத்தில் பழைய காட்சிகளைத் தொகுத்த ரீகேப் எபிசோட் ஒளிபரப்பானது. அதனால் பருவம் முடிந்தபோது கதை முடியவில்லை. முடிவு ஜூன் மாதம் தனிச் சிறப்பு எபிசோடாக வந்து, பலரை ஏமாற்றத்தில் ஆழ்த்தியது. ஜனவரியில் இதை ஆண்டின் சிறந்த தொடர் என்று சொன்னவர்களும், ஜூனில் தோல்வி என்று சொன்னவர்களும் ஒரே தொடரைப் பற்றித்தான் பேசினார்கள். இருவரும் தாங்கள் அதுவரை கண்ட எபிசோடுகளைப் பற்றிப் பேசியிருந்தால், இருவர் சொன்னதும் இன்றுவரை செல்லுபடியாகியிருக்கும்.

இப்போது ஸ்டுடியோ என்ற சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு எபிசோட் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரசிகர்கள் முதலில் உச்சரிப்பது ஸ்டுடியோவின் பெயரை. அந்தப் பெயருக்குப் பின்னால் நிரந்தரமாக ஒரே குழு அமர்ந்து எல்லாத் தொடர்களையும் வரைவதாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். கியோட்டோ அனிமேஷன் போல மாதச் சம்பளத்தில் ஊழியர்களை வைத்துப் பயிற்றுவித்துத் தன் கூரைக்குள்ளேயே வேலையை முடிக்கும் நிறுவனங்கள் உண்டென்றாலும், தொழிலின் பெரும்பகுதி சுயேச்சைக் கலைஞர்களால் ஓடுகிறது. இன்று ஒரு ஸ்டுடியோவின் தொடரில் வரைந்தவர் அடுத்த மாதம் இன்னொன்றில் வரைவார். எபிசோடு எபிசோடாக வெளி நிறுவனங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கப்படுவதும் வழக்கமே.

‘ஒன்-பஞ்ச் மேன்’ ரசிகர்கள் இதை வருத்தத்தோடு கற்றார்கள். 2015-இல் வந்த முதல் சீசனை மேட்ஹவுஸ் தயாரித்தது. அந்தச் சண்டைக் காட்சிகளின் வீச்சுக்குக் காரணம் ஸ்டுடியோவின் பெயரைவிட, இயக்குநர் ஷிங்கோ நட்சுமேயை நம்பிப் பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்த திறமைமிக்க அனிமேட்டர்கள். 2019-இல் இரண்டாவது சீசன் ஜே.சி. ஸ்டாஃபிடம் போனபோது ஸ்டுடியோ மாறியதால் கெட்டது என்று எல்லாரும் எழுதினார்கள். மாறியது இயக்குநரும் அவரைச் சுற்றி அமைந்த குழுவும் என்று சொல்வதே சரி. மேட்ஹவுஸே இரண்டாவது சீசனைச் செய்திருந்தாலும், அந்த மனிதர்கள் இல்லாமல் அதே விளைவு வந்திருக்கும் என்று சொல்ல எந்த ஆதாரமும் கிடையாது. 

இதோடு சேர்ந்து வருவது, பட்ஜெட் தீர்ந்துவிட்டது என்ற வாக்கியம். பெரும்பாலான தொடர்களுக்குப் பணம் போடுவது தயாரிப்புக் குழு என்னும் கூட்டமைப்பு: மங்காவை வெளியிட்ட பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் போன்றவை பங்கு போட்டு முதலிடுகின்றன, ஸ்டுடியோ பல சமயங்களில் குறிப்பிட்ட தொகைக்கு வேலையை ஏற்றுச் செய்யும் ஒப்பந்தக்காரரே. ஒரு எபிசோடில் அசைவு குறைந்து முகங்கள் கோணினால், அங்கே தீர்ந்துபோனது பெரும்பாலும் பணமல்ல, நாள்கள். நல்ல அனிமேட்டர் ஒருவரைப் பிடிப்பதற்கு நாள் வேண்டும்; பிடித்தபின் அவர் வரைய நாள் வேண்டும்; வரைந்ததைத் திருத்த நாள் வேண்டும். ஒரே நேரத்தில் டஜன் கணக்கான தொடர்கள் ஓடும் பருவத்தில் அந்த மனிதர்களுக்காக எல்லாரும் போட்டியிடுகிறார்கள்.

ஆகவே எண்டிங் பாடலோடு கலைஞர்களின் பெயர்கள் ஓடும் அந்தத் தொண்ணூறு நொடிகளைத் தாண்டிவிடாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் கேட்டுக்கொள்வது வழக்கம். ஜப்பானிய எழுத்து தெரியாவிட்டாலும் சில சொற்களின் வடிவத்தைக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள இரண்டு வாரம் போதும். முதலில் ‘எகொந்தே’, அதாவது ஸ்டோரிபோர்டு: எந்தக் கோணத்திலிருந்து பார்க்கிறோம், ஒரு காட்சி எத்தனை நொடி நிற்கிறது என்பதையெல்லாம் வரைந்து முடிவுசெய்தவர் இவர். அடுத்து ‘என்ஷுட்சு’: அந்த எபிசோடின் இயக்குநர். தொடருக்கு ஒரு தலைமை இயக்குநர் இருந்தாலும், ஒவ்வொரு எபிசோடுக்கும் தனித்தனி ஸ்டோரிபோர்டுக் கலைஞரும் இயக்குநரும் இருப்பதே வழக்கம். ஐந்தாவது எபிசோட் திடீரென்று வேறொரு மூச்சோடு வருவதற்குக் காரணம் இதுதான். மூன்றாவது ‘சகுகா கந்தோகு’, அதாவது அனிமேஷன் இயக்குநர். ஒரு எபிசோடில் பலர் முதன்மைப் படங்களை வரைவதால் ஒரே கதாநாயகிக்கு ஒவ்வொருவர் கையிலும் ஒரு முகம் வந்துவிடும். இவர் அந்தப் படத்தின் மேல் வண்ணத் தாள் ஒன்றை வைத்து, கண்ணையும் தாடையையும் தொடரின் அளவுக்குத் திருத்தி வரைவார். சாதாரணமாக இந்தப் பதவியில் ஒருவர், இருவர், மூவர் பெயர் இருக்கும். ஒரு வாரம் அதே இடத்தில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால், கடைசி நாள்களில் கைக்குக் கிடைத்தவர்களையெல்லாம் அழைத்து வேலையை முடித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அதைக் கண்ட பிறகு, சொதப்பிவிட்டார்கள் என்று எழுத என் கை எழுவதில்லை. காட்சி குறைபட்டிருக்கிறது, அவகாசம் இல்லாமல் செய்திருக்கிறார்கள் என்று எழுதுவேன். குறையும் சொல்லப்படுகிறது, உண்மையும் கெடவில்லை.

அசைவைப் பற்றிய கருத்துகளில் அடிக்கடி நிகழும் ஓர் அநியாயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஒளிபரப்பு முடிந்த சில நிமிடங்களில் ஒரு ஃப்ரேமை மட்டும் நிறுத்திப் படமெடுத்து, பாருங்கள் எப்படி வரைந்திருக்கிறார்கள் என்று பகிர்வது. இதற்குப் பலியானவற்றுள் முக்கியமானது, ‘நருட்டோ ஷிப்புடென்’ தொடரின் 167-ஆவது எபிசோட். அட்சுஷி வகபயாஷி இயக்கிய அந்த எபிசோடில் எதிரி பெய்னும் நாயகன் நருட்டோவும் மோதும்போது உடல்கள் ரப்பர்போல நீள்கின்றன, முகம் பிதுங்குகிறது, தரை அலைபோல் எழுகிறது. நிறுத்திப் பார்த்தால் கோரமாகத்தான் இருக்கும். நான் அதை முதலில் அப்படியொரு நிறுத்திய படமாகவே கண்டு முகம் சுளித்தேன். பிறகு அந்தக் காட்சியை ஓடவிட்டுப் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு வரும் அந்த முகம் இமைக்கும் நேரம்கூடத் திரையில் இல்லை. கண்ணில் தங்குவது ஒரு மிருகத்தின் பாரமும் வேகமும் மட்டுமே. சினிமாவில் நொடிக்கு 24 ஃப்ரேம்கள். தொலைக்காட்சி அனிமேயில் ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம்களுக்கோ மூன்று ஃப்ரேம்களுக்கோ நிறுத்துவார்கள். நொடிக்குப் பன்னிரண்டு படம் அல்லது எட்டுப் படம். 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் முஷி புரொடக்‌ஷன் ‘டெட்சுவான் ஆட்டம்’ தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து, குறைந்த படங்களைக் கொண்டு வாரந்தோறும் கதை சொல்வது எப்படி என்பதே இந்தக் கலையின் அடிப்படைக் கேள்வியாக இருந்து வருகிறது. எட்டுப் படங்களுக்குள் ஓர் அடியின் வலுவைக் காட்ட வேண்டுமானால் இடையில் ஒரு படம் உருக்குலைந்தே ஆக வேண்டும். அந்த எபிசோடின் பாணி தொடரின் மற்றப் பகுதிகளோடு ஒட்டவில்லை என்று ஒருவர் சொன்னால் அது வாதத்துக்குரிய நல்ல கருத்து. வரையத் தெரியவில்லை என்று சொன்னால், அவர் எபிசோடைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

வேகம் குறைவு என்ற புகாருக்கு வருவோம். வாரந்தோறும் பார்ப்பவரின் காலம் வேறு, தொடர் முடிந்தபின் ஒரே மூச்சில் பார்ப்பவரின் காலம் வேறு. 2009-இல் ‘சுசுமியா ஹருஹி’ தொடரில் வந்த ‘எண்ட்லெஸ் எய்ட்’ பகுதியை நேரலையில் அனுபவித்தவர்களைக் கேட்டால் தெரியும். கோடை விடுமுறையின் கடைசி இரண்டு வாரங்கள் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. அதை எட்டு எபிசோடுகளில், எட்டு வாரங்களுக்கு, ஏறத்தாழ ஒரே கதையாகக் காட்டினார்கள். கியோட்டோ அனிமேஷன் எந்த எபிசோடையும் நகலெடுக்கவில்லை. எட்டையும் புதிதாக ஸ்டோரிபோர்டு போட்டு, புதிதாக வரைந்து, உடைகளையும் கோணங்களையும் மாற்றிச் செய்தது. அந்தச் சுழற்சிகள் 15,532 முறை நடந்தன என்பதும், அத்தனையையும் நினைவில் வைத்திருப்பவள் யூகி நாகாதோ ஒருத்தி மட்டுமே என்பதும் கதைக்குள் சொல்லப்படுகிறது. இன்று அதை மூன்றரை மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டுத் துணிச்சலான சோதனை என்று பாராட்டுவது எளிது. ஒவ்வொரு வாரமும் இந்த முறையாவது முடியுமா என்று காத்திருந்து, இரண்டு மாதம் ஏமாந்தவரின் கோபமும் அந்தப் படைப்பைப் பற்றிய உண்மையான சாட்சியமே. என்னைக் கேட்டால், எட்டு என்பது மிகுதி. ஐந்தோடு நிறுத்தியிருந்தாலும் நாகாதோவின் களைப்பு நம்மை வந்து சேர்ந்திருக்கும். 

‘வின்லாண்ட் சாகா’ இரண்டாவது சீசன் எனக்கு இதை நேரடியாகக் கற்பித்தது. முதல் சீசன் 2019-இல் விட் ஸ்டுடியோவிலிருந்து வந்தது. கத்தியும் கப்பலும் பழிவாங்கும் வெறியுமாக 24 எபிசோடுகள். 2023 ஜனவரியில் மாப்பா ஸ்டுடியோவில், அதே இயக்குநர் ஷுஹே யபுதாவின் கீழ், இரண்டாவது சீசன் தொடங்கியபோது நாயகன் தோர்ஃபின் ஒரு பண்ணையில் அடிமையாகக் காடு திருத்திக்கொண்டிருந்தான். மரத்தை வெட்டுகிறார்கள், வேரைத் தோண்டுகிறார்கள், அடிமரத்தைப் பெயர்த்தெடுக்க முடியாமல் திணறுகிறார்கள். நான்காவது வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. நண்பர்களிடம் இதில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிப் பார்ப்பதை நிறுத்தினேன். சீசன் முடிந்தபின் மறுபடி தொடங்கி, தோர்ஃபினும் அவனோடு அடிமையாக உழைக்கும் ஐனாரும் தாங்கள் விதைத்த கோதுமை முளைவிட்டதைக் கண்டு நிற்கும் இடத்துக்கு வந்தபோதுதான் நான் எதைத் தவறவிட்டேன் என்று புரிந்தது. வாழ்நாளெல்லாம் உயிரை எடுத்தே பழகிய ஒரு கை முதல்முறையாக ஒன்றை உண்டாக்கியிருக்கிறது. அந்த வேர் தோண்டிய நிமிடங்களின் அலுப்பு நமக்கும் இருந்தால்தான் அந்தப் பச்சை நமக்கும் பச்சையாகத் தெரியும். அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது, இந்த நான்கு எபிசோடுகள் என்னைப் பிடித்து வைக்கவில்லை என்பது. அது உண்மை. ஒன்றுமே நடக்கவில்லை என்றது பொய், ஏனென்றால் அங்கே நடந்துகொண்டிருந்தது நிறைய.

மெதுவாகத் தொடங்கும் கதைக்கு முதல் வாரமே ஆபத்து என்பது ஒளிபரப்பாளர்களுக்கும் தெரியும். ‘ஃப்ரீரென்’ 2023 செப்டம்பர் 29 அன்று, திரைப்படங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட வெள்ளிக்கிழமை இரவு நேரத்தில், முதல் நான்கு எபிசோடுகளையும் சேர்த்து இரண்டு மணி நேரச் சிறப்பு ஒளிபரப்பாக வந்தது. அசுர அரசனை வென்ற பயணம் முடிந்த இடத்தில் கதை தொடங்குகிறது. முதல் எபிசோடுக்குள்ளேயே ஐம்பது ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழும் எல்ஃப் ஆன ஃப்ரீரென், தன்னோடு பத்து ஆண்டுகள் நடந்த ஹிம்மெலின் அடக்கத்தில் நின்று, இவரை அறிந்துகொள்ள முயலாமல் போனேனே என்று அழுகிறாள். அந்த அழுகையின் பொருள் அடுத்தடுத்த சிறு பயணங்களில்தான் விரிகிறது. முதல் எபிசோடை மட்டும் காட்டிவிட்டு ஒரு வாரம் காக்கவைத்திருந்தால் சோகமான கதை என்ற பேச்சோடு நின்றிருக்கும்; நான்கையும் சேர்த்துக் கொடுத்ததால், இது நினைவைப் பற்றிய கதை என்று முதல் இரவிலேயே பேச முடிந்தது.

மங்காவைப் படித்தவர்களுக்கும் அனிமே மட்டும் பார்ப்பவர்களுக்கும் இடையே உள்ள உரசலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாவது எபிசோட் வரை பொறுங்கள், அப்புறம் பாருங்கள் என்று சொல்வதும் ஸ்பாய்லர்தான். பெயர் எதுவும் சொல்லவில்லை, நிகழ்ச்சி எதுவும் சொல்லவில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள்; ஆனால் ஒரு தேதியைச் சொல்லிவிட்டார்கள், அதற்கு முந்தைய ஏழு எபிசோடுகளும் இனி வெறும் காத்திருப்பாகிவிடும். மறுபுறம், மூலக்கதையில் உள்ளதை மாற்றிவிட்டார்கள் என்பது மட்டுமே குறையாகிவிடாது. 2003-இல் போன்ஸ் தயாரித்த ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’, ஹிரோமு அரகாவாவின் மங்கா முடிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தன் பாதையில் பிரிந்து 51 எபிசோடுகளில் தனக்கென ஒரு முடிவை அடைந்தது. 2009-இல் அதே நிறுவனம் மங்காவைப் பின்பற்றி 64 எபிசோடுகளில் ‘பிரதர்ஹுட்’ செய்தது. இரண்டையும் மதிக்கும் ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். நான் பாசத்தோடு திரும்பிப் போவது முந்தையதற்குத்தான்.

நம்மைப் போன்ற தமிழர்கள் அனிமே வசனத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு கூடுதல் எச்சரிக்கை தேவை. ஒரு கூடுதல் வசதியும் நமக்கு உண்டு. ஆங்கில சப்டைட்டிலைப் படித்துவிட்டு வசனம் தட்டையாக இருக்கிறது என்கிறோம். ஜப்பானிய மொழியில் நான் என்பதற்கே வத்தாஷி, போகு, ஓரே என்று ஆளையும் சூழலையும் பொறுத்துப் பல சொற்கள். அமைதியான பையன் ஒருவன் போகு என்பதிலிருந்து ஓரே என்பதற்கு மாறினால் அவனுக்குள் ஏதோ முறுக்கேறிவிட்டது என்று பொருள். ஆங்கிலத்தில் அது ஒரே எழுத்தாகக் கரைந்துபோகும். நீ, நீர், நீங்கள் என்று பிரித்துப் பேசிப் பழகிய நமக்கு இந்த மாற்றத்தின் எடை சட்டென்று பிடிபடும். வாக்கிய அமைப்பும் அப்படித்தான். ஜப்பானிய வாக்கியத்தில் தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில் வரும். ‘நான் உன்னை இனி ஒருபோதும்...’ என்று நடிகர் இழுத்து நிறுத்தி, மூச்சு வாங்கி, ‘மன்னிக்கமாட்டேன்’ என்று முடிக்கும்போது, ஆங்கில வரி மன்னிக்கமாட்டேன் என்பதை முதலிலேயே திரையில் போட்டுவிட்டிருக்கும். குரல் நடிகர் கட்டிய அந்த மௌனத்துக்குள் நமக்குத் தெரியாத எதுவும் மிச்சமில்லை. அடுத்த முறை ஒரு வசனம் உப்பில்லாமல் தோன்றினால், அந்த ஒரு வரியை மட்டும் எழுத்தைப் பார்க்காமல் காதால் கேட்டுவிட்டுப் பிறகு முடிவுசெய்யுங்கள்.

கருத்தின் சூட்டைப் பற்றியும் கேள்வியில் மறைமுகமாக ஒரு வருத்தம் தெரிகிறது. 2007-இல் கைனாக்ஸின் ‘குர்ரென் லகான்’ தொடரின் நான்காவது எபிசோடை ஒசாமு கொபயாஷி தன்னுடைய தனிப் பாணியில் இயக்கினார். கோடுகள் தளர்வாக, முகங்கள் எளிமையாக, முந்தைய மூன்று வாரங்களிலிருந்து முற்றிலும் வேறாக இருந்தது. ஜப்பானிய ரசிகர்கள் கடுமையாக எழுதினார்கள். ஸ்டுடியோவைச் சேர்ந்தவர்கள் இணையத்தில் அதைவிடக் கடுமையாகப் பதில் எழுதினார்கள். விவகாரம் முற்றி, கைனாக்ஸ் நிறுவனர்களில் ஒருவரான தகாமி அகாய் பொறுப்பிலிருந்து விலகும் அளவுக்குப் போனது. ஒற்றை எபிசோடின் கோடுகள் பிடிக்கவில்லை என்ற ஒரு கருத்திலிருந்து தொடங்கியது அத்தனையும். அந்த எபிசோடை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அதன் நகைச்சுவைக்கு அந்தத் தளர்ந்த கோடு பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். ஆனால் நான்காவது வாரத்தில், ரசிகர்கள் தொடரின் முகத்தை இன்னும் பழகிக்கொண்டிருக்கும்போது, அதை வைத்தது தவறான இடம். இப்படிச் சொல்வதில் யாரையும் காயப்படுத்தத் தேவையில்லை.

பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் வழக்கத்தைத் தொடர் முடியும்வரை தள்ளிவையுங்கள். 1979-இல் ‘மொபைல் சூட் குண்டம்’ முதலில் ஒளிபரப்பானபோது பார்வையாளர் எண்ணிக்கை போதாமல் 52 எபிசோடுகளாகத் திட்டமிட்டதை 43-இல் முடித்தார்கள். மறுஒளிபரப்பும் பொம்மை மாதிரிகளும் சேர்ந்துதான் அதை இன்றைய இடத்துக்குக் கொண்டுவந்தன. நடுவழியில் போட்ட எண்களை வைத்து யாரும் அதை ஊகித்திருக்க முடியாது.

உங்கள் நான்கு தொடர்களுக்கு நான் சொல்லும் வழி இது. இந்த வார எபிசோட் முடிந்தவுடன், மற்றவர்கள் எழுதியதைப் படிப்பதற்கு முன், உங்களுக்குள் தங்கிய ஒரு காட்சியையும் உங்களை வெளியே தள்ளிய ஒரு காட்சியையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஸ்டோரிபோர்டு யாருடையது என்று எழுதுங்கள். நான்கைந்து வாரம் கழித்து அதே பெயர் எண்டிங்கில் திரும்ப வரும். அன்று, பெயரைப் பார்ப்பதற்கு முன்பே, இது அவர் கோணம் அல்லவா என்று உங்களுக்குத் தோன்றினால், அதன்பின் அந்தத் தொடரைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் காதுகொடுத்துக் கேட்பேன்.